சிட்டுக்கு நீட்டிய வாழைப்பழம்

பீர் மைதீனின் குதிரை சிட்டுக்குச் சித்திரை வெயிலிலும் முடி உதிரவில்லை. சங்கரன்கோவில் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஏழெட்டு ஜட்கா வண்டிகளில் அந்தக் கிழட்டுக் குதிரை மட்டும் கம்பளி போர்த்தியது போல நிற்கும். வயிறு தொங்கியது, முதுகெலும்பு துருத்தியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. 1979ஆம் வருஷம் அது.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ராஜதுரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூளைக்கு அடியில ஒரு சுரப்பி கெட்டுப்போச்சு வே. குணமாக்க முடியாது. இளைக்க விடாம வேணா பாத்துக்கிடலாம். இனிப்பு மட்டும் ஆகவே ஆகாது. குடுத்தா குளம்பு நோவெடுத்துப் படுத்துரும், அப்புறம் எந்திரிக்காது."

சதை பிடிக்கட்டும் என்று அதுவரை கருப்பட்டியாக ஊட்டிக்கொண்டிருந்த பீர் மைதீன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளே தீனியை மாற்றினார். புல்லில் இருக்கும் இனிப்பும் இறங்கட்டும் என்று காய்ந்த புல்லை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுவார். கடலைக்கொடியில் ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார். முடியைக் கத்தரித்துவிடுவார். தினமும் விலாவைத் தடவி எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்.

கோவில் வாசலில்தான் சிக்கல். சாமி கும்பிட்டு வந்து வண்டி ஏறுகிற நாங்கள் அர்ச்சனைப் பழத்தையோ சர்க்கரைப் பொங்கலையோ குதிரைக்கு நீட்டுவோம். முஸ்லிம் வண்டிக்காரர் ஒருவர் பிரசாதத்தை வேண்டாம் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

"அதுக்கு டாக்டர் தடை போட்டிருக்காரு அண்ணாச்சி. எனக்குக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, கொடுத்தவர் கண் முன்னாலேயே தின்றுவிடுவார்.

நான் தாலுகா ஆபீஸ் கிளார்க். வெள்ளிக்கிழமைதோறும் அவர் வண்டிதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"குதிரை பங்கையும் நீரே முழுங்குதீரே பாய்!" என்பேன். அவரும் சிரிப்பார்.

இரண்டு வருஷத்தில் சிட்டு தேறியது. வண்டிக்காரர்தான் இளைத்துக்கொண்டே போனார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் கோவில் வாசலில் வண்டியைக் காணவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

அவர் மனைவி மகபூப் பீவி என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். "அவுகளுக்கு நாலு வருஷமா சீனி வியாதி. ஆளுக குடுக்கதையெல்லாம் தின்னுட்டு வந்து என்கிட்ட மறைச்சிட்டாக. கால்ல புண்ணு வந்து, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக."

எனக்கு அவரைக் கேலி செய்து சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

கட்டிலில் கிடந்தவர் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, பத்து நாளா நான் தொட்டுப் பாக்கல. சிட்டுக்கு எலும்பு தட்டுதான்னு பாத்துச் சொல்லுதீகளா?"

வெளியே போய் அதன் விலாவைத் தடவினேன். கைக்குச் சதைதான் பட்டது.

"தட்டல பாய்" என்றேன்.

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என் பையில் அன்றைய அர்ச்சனைப் பழம் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே வீடு திரும்பினேன்.