பன்னிரண்டாம் எண் கதவு

வினிகரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார் ஹெர்மீனா. வியன்னாவின் காலைக் குளிரில் அவருடைய மூக்கு சிவந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. பெரியது, நூறு வயதை நெருங்கும் இந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துத் தந்த பெரிய மனிதர்களுடையது. அந்தப் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. "வாடகைய ஏத்தினவங்க பேருதானே? மழை கழுவட்டும்" என்பார். சின்னது, நாஜிகள் வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் இங்கிருந்து விரட்டப்பட்ட யூதக் குடும்பங்களுடையது. பெயருக்கு எதிரே எந்தப் படிக்கட்டு வழியாக ஏற வேண்டும் என்ற எண், கதவு எண். ஸ்பிட்சர் குடும்பம், ஏழாம் படிக்கட்டு, கதவு பன்னிரண்டு. அந்த வரிக்கு வந்தால் துணி நகராது.

டிராமில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியும் அந்தத் தொண்டை அப்படியே இருக்கிறது. பொதுச் சலவை அறையில் அவருடைய முறை வரும் நாளில் உங்கள் காலுறை இயந்திரத்துக்குள் கிடந்தால், ஊர் பார்க்க அறிவிப்புப் பலகையில் குத்தித் தொங்கவிடுவார். என்னுடையது இரண்டு முறை தொங்கியிருக்கிறது. ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது உருளைக்கிழங்கு சூப்போடு மூன்று மாடி ஏறி வந்ததும் அவர்தான்.

புதுப்பித்தபோது மின்தூக்கி வைப்பதற்காகச் சில வீடுகளைச் சேர்த்தார்கள். கதவு எண்கள் மாறிவிட்டன. பலகை வைத்த குடியிருப்போர் குழுவுக்கு அது தோன்றவில்லை. பழைய எண்ணையே பொறித்துவிட்டார்கள். இன்றைய பன்னிரண்டு, செர்பியாவிலிருந்து வந்த ஸ்னேஜானாவின் வீடு. நினைவு நாளில் அவள் வாசலில்தான் பூ வைக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். "யாரு வீட்டுத் துக்கமோ, காப்பி போடறது நானு" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

பழைய பன்னிரண்டு எதிர்வீடு. ஹெர்மீனாவின் வீடு.

சலவை அறையில் ஒருநாள் அவரே சொன்னார். "அவங்கள வெரட்டின அதே வாரம் எங்கப்பாவுக்குச் சாவி குடுத்தாங்க. கட்டில், அலமாரி எல்லாம் அப்படியே. அடுப்பு மேல பாத்திரம் இருந்துச்சாம், எங்கம்மா கழுவி வெச்சிக்கிட்டாங்க. நான் அந்தக் கட்டில்லதான் பொறந்தேன். இன்னிக்கும் அதுலதான் படுக்கறேன்."

"குழுகிட்ட சொல்லலாமே?"

"சொல்லிட்டு? அந்தப் பூவெல்லாம் என் வாசலுக்கு வரும். நான் அதத் தாண்டிப் போயி ரொட்டி வாங்கிட்டு வரணும்."

துணியைப் பிழிந்து கூடையில் போட்டேன்.

போன வாரம் உருகுவேயின் மொந்தேவீதியோவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயது இருக்கும், ஸ்பிட்சரின் பேத்தி. பலகையைத் தடவிக்கொண்டே, தட்டுத் தடுமாறிய ஜெர்மனில் கேட்டார்: "எங்கம்மா இங்கதாம்மா பொறந்தாங்க. போன மாசம் போயிட்டாங்க. அந்த ரூம ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். இந்தப் பன்னிரண்டாம் நம்பர் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

ஹெர்மீனாவின் கையில் ஈரத்துணி. என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வாம்மா, நான் காட்டறேன்."

மின்தூக்கியில் அந்தப் பெண்மணியின் முழங்கையை அவர் விடவேயில்லை. மேலே போய், தன் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஸ்னேஜானா வீட்டு மணியை அடித்தார். ஸ்னேஜானா எங்கள் மூவரையும் பார்த்தாள், கதவை அகலத் திறந்து வழிவிட்டாள். அந்தப் பெண்மணி உள்ளே போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஹெர்மீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டில் எங்க போட்டிருப்பாங்க?" என்று கண்ணைத் துடைத்தபடி அந்தப் பெண்மணி கேட்டார்.

ஹெர்மீனா என் கையை விட்டார். ஸ்னேஜானாவின் மேசை நாற்காலிகளைத் தாண்டி நடந்து, ஜன்னலோரத்து வெறுந்தரையில் குனிந்து, தலைமாடு எது, கால்மாடு எது என்று உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.