அணைக்காத கற்பூரம்

உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் நான் மேஸ்திரியாக இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மில்லிலிருந்த மோட்டார் காணாமல் போனது. அன்றிரவு அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளியின் மச்சான், இன்னொருவர் நெல் அவிக்கும் பாய்லர்காரர். முதலாளிக்குப் பாய்லர்காரர் மேல்தான் சந்தேகம்.

போலீசுக்குப் போகவில்லை. முதலாளி பாய்லர்காரரை ஏரிக்கரை அம்மன் சந்நிதிக்கு அழைத்துப் போனார். சத்தியம் செய்வதற்காகத் தட்டில் கற்பூரம் எரிந்தது.

"நா எடுக்கல, எடுத்தவன் யாருன்னும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லி அணைடா" என்றார் முதலாளி.

பாய்லர்காரர் கையை நீட்டவே இல்லை. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாயே, நீயே பிடித்துக் கொடுத்துவிட்டாய் என்று கும்பிட்டேன்.

திருடன் என்று வெளியே அனுப்பினால் அவரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் சேர்க்காது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். ஆனால் முதலாளியின் கவலை வேறு. லேபர் கோர்ட் என்று போய்விட்டால் பேஜார். அதனால் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். ஆட்களை வேலைக்கு வைப்பது, நிறுத்துவது பற்றி முதலாளிமார்களுக்கு யோசனை சொல்பவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனி மேனேஜர்கள் டை கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனவன் நான் ஒருவன்தான்.

"கற்பூரத்த அணைக்கல மேடம். இன்னும் இன்னா வேணும்?" என்றார் முதலாளி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சாமி காரியத்தைச் சாமி காரியமாகவே கேட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லி அணைக்கச் சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

முதலாளி சொன்னார். அந்த அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார்.

"இது ஒரு சத்தியம் இல்லீங்க, ரெண்டு. அவர் எதுக்குப் பயந்து கைய நீட்டலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எனக்கு வக்கீலா, அவனுக்கு வக்கீலா?"

"உங்களுக்குத்தான். நாளைக்கு ஜட்ஜ் இதையே கேட்டா நீங்கதான முழிக்கணும்?"

அந்தச் சந்நிதியில் எத்தனையோ சத்தியங்களைப் பார்த்தவன் நான். ஒரு நாளும் எனக்குத் தோன்றாதது, கோயிலைக் கண்ணால் பார்க்காத அந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் தோன்றியது. மலைத்துப் போய் நின்றேன்.

அவர் சொன்னபடியே, எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வக்கீல் மில்லுக்கு வந்து விசாரித்தார். துணைக்கு ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பாய்லர்காரருக்கு அனுமதி. முதலாளியும் மச்சானும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் ஒவ்வொரு கேள்வியாகத்தான் கேட்டார்.

"மோட்டாரை நீங்க எடுத்தீங்களா?"

"அம்மன் மேல ஆணையா நா தொடல சார்." கேட்காமலே சத்தியம் வந்தது.

"எடுத்தது யாருன்னு தெரியுமா?"

பாய்லர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் சார். ஆனா அது மொதலாளி வூட்டு விஷயம். என் வாயால வராது."

முதலாளியின் முகம் வெளுத்தது. அவர் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா மொதலாளி?"

மச்சான் போன வாசலை முதலாளி ஒருமுறை பார்த்தார். பிறகு, "போ, போய் அடுப்பப் பாரு. நெல்லு ஊறிக்கினு கீது" என்றார்.

அம்மனுக்கு அன்றே தெரிந்திருக்கும். பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சி ஒரு பக்தன் தன் முன்னால் நின்றான் என்று. எங்களுக்குத் தெரிவதற்குத்தான் ஒரு வக்கீலம்மா வேண்டியிருந்தது. பாய்லர்காரர் உமியை அள்ளி அடுப்பில் போட்டார். புகைபோக்கியில் புகை எழும்பியதும் நான் ஏரிக்கரைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். காஞ்சிபுரம் இருக்கும் திசையைப் பார்த்து இன்னொன்று.