ஆறு வயதுக் கவுன்

ஒன்பது வயது முடிந்த பிறகு ஒரே ஒரு நாள் நான் மறுபடியும் ஆறு வயதுக் குழந்தையானேன். எல்லாம் மாமாவின் பனியன் கம்பெனிக்காக.

கம்பெனி என்றால் வேறொன்றுமில்லை, நல்லூரில் மாமா வீட்டு மாடியில் பன்னிரண்டு தையல் மெஷின்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவருக்கு முதன்முறையாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் நேரடியாக வரும்போல் இருந்தது. குழந்தைகள் கவுன். சாம்பிள் பார்க்க ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு அம்மாவே புதன்கிழமை வருகிறார். ஆறு வயது அளவைக் குழந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பொருந்தினால் ஆர்டர். இல்லாவிட்டால் மாமா பழையபடி அடுத்தவர் துணியைத் தைக்க வேண்டியதுதான்.

ஆறு வயதுக்கு மாமாவின் பையனே இருந்தான். அளவு பார்க்கத்தானே என்று அவனுக்கே கவுனை மாட்டினார்கள். அது கணுக்காலுக்கு இறங்கியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் தெருவில் ஓடினான். பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வீட்டு ஒன்றாம் வகுப்புப் பெண்ணுக்கோ தோள் இரண்டும் வழிந்தன. டேப்பில் அளந்தால் அவர்கள் கொடுத்த அளவு அப்படியே இருந்தது. "அந்த ஊருப் புள்ளைங்க என்னத்தத் தின்னு வளருதுங்களோ சாமி," என்று டைலர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து, அங்கே தைத்த துணியில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலையில் இருந்த என் அம்மாவைத் தேடி, பள்ளிக்கூடம் விட்டு நான் மாடியேறினேன். அடுத்த நிமிடம் கவுன் என் தலைவழியாக இறங்கியது. தோள் தோளில் நின்றது, விளிம்பு முட்டியில் நின்றது.

"அளவெடுத்துத் தெச்சாப்புல இருக்குதுங்கோ!" என்றார் டைலர் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் பாடம் நடந்தது.

"வயசு கேட்டா என்ன சொல்லோணும் கண்ணு?" என்பார் மாமா.

"சிக்ஸ் இயர்ஸ், மேடம்."

"அக்காங். அதுக்கு மேல வாயத் தொறக்கப்படாது."

சொல்லும்போதெல்லாம் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் நாலாம் வகுப்பு லீடர். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் படைத்தவள். என்னைப் போய் ஆறு வயது என்றால்?

புதன்கிழமை அத்தை பட்டுப்புடவையில் தயாராக நின்றார். வந்த அம்மாவின் காதில் ஒரு பொட்டுத் தோடுகூட இல்லை. சட்டை சாயம் போய்க் கசங்கியிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் உடுப்பு தைக்கச் சொல்கிற ஆள் இப்படியா என்று எங்கள் எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. "பாவம், மாத்துத் துணி கொண்டாரலையாட்ட இருக்குது," என்றார் அத்தை என் காதில்.

அந்த அம்மா மண்டி போட்டு உட்கார்ந்து, கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், உட்காரச் சொன்னார். இரண்டு இடத்தில் குண்டூசி குத்தினார். "குட்" என்றார். மாமா அப்போதுதான் மூச்சு விட்டார். பிறகு அந்த அம்மா என் வயதைக் கேட்டார், படித்ததை ஒப்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டார். அது பாடத்தில் இல்லாத கேள்வி.

"ஃபோர்த் ஸ்டாண்டர்ட், மேடம். க்ளாஸ் லீடர்!"

மெஷின்கள் எல்லாம் நின்றன. மாமா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பன்னிரண்டு மெஷினையும் கட்டி மேய்க்கிறவர் அல்லவா?

"வெரி ப்ரில்லியண்ட், மேடம். டபுள் ப்ரமோஷன். டூ டைம்ஸ்!"

அந்த அம்மா, பால்பல் விழுந்து முளைத்திருந்த என் பெரிய முன்பற்கள் இரண்டையும் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அளவு அவர்கள் சொன்ன அளவு, தையல் நல்ல தையல். கையெழுத்துப் போட்டார். கவுனைக் கழற்றிக் கவரில் போட்டு அவரோடு அனுப்பியபோதுதான் நான் அழுதேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் ஜிலேபி. அம்மா மட்டும் ஜிலேபியைத் தொடாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆறு வயது அளவு தன் ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசிக்கிற வயதா எனக்கு? வழியில் கடையில் நின்று முட்டை வாங்கினார். எங்கள் வீட்டில் வேகவைத்த முட்டையை நூலால் அறுத்து, எனக்குப் பாதி தம்பிக்குப் பாதி என்பதுதான் வழக்கம். மறுநாளிலிருந்து எனக்கு முழு முட்டை, கூடவே ஒரு டம்ளர் பால். ஆர்டர் பிடித்துக் கொடுத்ததற்குப் பரிசு என்று எண்ணிக்கொண்டேன். "நீயும் போயி ஒரு ஆர்டர் புடிச்சுட்டு வாடா," என்று தம்பியைச் சீண்டினேன்.

மாதம் ஒருமுறை அம்மா டேப்போடு வந்து என்னைச் சுவரோரம் நிறுத்தி உச்சி முதல் பாதம் வரை அளப்பார். மூன்றாவது மாதம், "முக்கா இஞ்சு கூடிருக்குது கண்ணு," என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுக் கவுனுக்குத்தான் அளவெடுக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

"கொஞ்சம் பெருசாவே தைக்கச் சொல்லுங்கம்மா," என்றேன்.