கொலைகாரன் மனைவிக்கு ஒரு கட்டுரை

ஐல்சா பெட்ரி ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரான எங்கள் ஆர்ப்ரோத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு நர்சிங் படிக்கும் எண்ணம் வந்தது. பல்கலைக்கழகம் மறுக்கவில்லை, பள்ளியில் எழுதாமல் விட்ட ஆங்கிலத் தேர்வில் ‘பி’ தரம் வாங்கி வரச் சொன்னது. பதினாறு வயதில் அவள் மீன் சுத்தம் செய்யும் கொட்டகை வேலைக்குப் போனவள்.

கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பாடம், ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் யாரும் தப்ப முடியாத அந்தப் பழைய நாடகம். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ராஜாவைத் தளபதி கொல்கிறான். கொல்லச் சொல்லி விரட்டுகிறவள் மனைவி.

மாதிரித் தேர்வில் ஐல்சா தனக்குத் தோன்றியதை எழுதினாள். தளபதியின் மனைவி பேய் இல்லை, தயங்குகிற புருஷனைத் தள்ளிவிடுகிற பெண், அவ்வளவுதான் என்று. தேறவில்லை.

“நல்லா இருக்கு மிசஸ் பெட்ரி. ஆனா இது உங்க வீட்டுக் கதை. நாடகத்துல வர்ற ஒரு வரியைக்கூடக் காணோமே?” என்றார் ஆசிரியர் இம்ரி.

பிறகு எல்லோருக்கும் கொடுப்பதை அவளுக்கும் கொடுத்தார்: தயாராக எழுதிய ஒரு கட்டுரை. அதில் அந்த மனைவி பேராசைக்காரி, பெண்மையைத் தொலைத்தவள், கடைசியில் சித்தம் கலங்கித் தண்டனை அடைகிறவள். மனப்பாடம் செய்துகொண்டு போய், கேள்விக்கு ஏற்றபடி பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் ஊரில் பாதிப் பேர் தேறியது இப்படித்தான்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஐல்சா ஒப்பிப்பாள். பஸ் ஓட்டும் அவள் கணவன் டூகி தாளைப் பார்த்துத் திருத்துவான்.

“ஏம்மா, என்னையும் யாரையாவது போட்டுத்தள்ளச் சொல்லுவியா?”

“குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துட்டுப் போன்னு சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நீ கொலை பண்ணிக் கிழிச்ச!”

“அந்தாளு பாவம்டி. ஒரு நாள் நிம்மதியா டீ குடிச்சிருக்க மாட்டான்.”

“அந்தப் பொம்பளை மட்டும் குடிச்சாளாக்கும்? படிடா அடுத்த வரியை.”

மே மாதத் தேர்வில் வந்த கேள்வி: தவறு செய்தும் நம் இரக்கத்துக்கு உரிய ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதுக.

அக்கம்பக்கத்துப் பேனாக்கள் உடனே ஓடத் தொடங்கின. ஐல்சாவும் தொடங்கினாள். “இந்தப் பெண் நம் இரக்கத்துக்கு உரியவள், ஏனெனில்” என்று எழுதியவள், அதற்குப் பிறகு வர வேண்டிய மனப்பாட வாக்கியம் அவளைப் பேராசை பிடித்தவள் என்று திட்டுவதைக் கண்டு நிறுத்தினாள். முதல் வாக்கியம் ஒரு திசைக்கும் மிச்சம் இன்னொரு திசைக்கும் இழுத்தன. இரண்டையும் ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ‘ஏனெனில்’ வரை அடித்துவிட்டு, மனப்பாடக் கட்டுரையில் இருந்த அதே நாடக மேற்கோள்களை வைத்துக்கொண்டு தன் பக்கத்து வழக்கை முதலிலிருந்து எழுதினாள். முடிவுரைக்குப் போகுமுன் தாளை வாங்கிவிட்டார்கள்.

வெளியே இம்ரி என்ன எழுதினாள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

“கையில குடுத்ததை எழுதிட்டு வந்திருக்கலாமே, மிசஸ் பெட்ரி!”

“கேள்வி வேறயா இருந்துச்சுங்க.”

“கேள்வி எப்பவுமே வேறயாத்தான் இருக்கும்.”

ஆகஸ்டில் முடிவு கைபேசிக்கு வந்தது. பார்த்துவிட்டு அடுப்பில் இருந்த கொத்துக்கறியைக் கிளறினாள். டூகி வாசலிலேயே சீருடையோடு நின்றான்.

“என்னாச்சு?”

“சி.”

“தேறிட்டேல்ல? அப்புறம் என்ன?”

“பி இல்லாம சேக்க மாட்டாங்க.”

அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“அடுத்த மேயில திரும்ப எழுதறேன். பேரைக் குடுத்தாச்சு” என்றாள்.

“அதே பொம்பளையா?”

“அதே பொம்பளைதான். முடிவுரையை முதல்லயே யோசிச்சு வெச்சுக்கிட்டுப் போறேன். தட்டை எடு.”