வரி கட்டும் வடைக்கடை

மலேசியாவின் கிள்ளானில் ரயில் வர நேரமிருக்கிறது. சாலையோர வடைக்கடையில் நிற்கிறேன். கடைக்கார அக்கா, காலடியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுகிறார். நாற்றத்தில் வேறு யாரும் நிற்பதில்லை.

"வருஷா வருஷம் வரி, லைசன்ஸ்னு கவுன்சிலுக்குக் கட்டுறேன். இந்த லோங்காங், சாக்கடை, அடைச்சேதான் கிடக்கு. இனிமே கட்ட மாட்டேன் லா."

"கட்டலன்னா கடையத் தூக்கிடுவாங்கக்கா. கட்டிட்டுச் சத்தமாக் கேளுங்க. வாங்குற காசுக்கு வேலை செய்யணும், அதான் நியாயம்."

"பேச்சப் பாரு! கவர்மென்ட் ஆளா நீ?"

"கவர்மென்ட் காசுல படிச்ச ஆளு. எங்க வீட்டுலயே நான்தான் முதல்ல."

"அப்போ என் காசுலயும்தான் படிச்சிருக்க!" அடுப்பை அணைக்கிறார். "வா, கவுன்சில்ல வந்து இதையே பேசு."

மறுப்பது நியாயமில்லை. ரயில் வந்துவிட்ட சத்தம் கேட்கிறது. சாக்கடையைப் படம் பிடித்துக்கொண்டு அக்காவின் பின்னால் நடக்கிறேன்.