அவளுடைய பாட்டு, என் தொண்டை

நான் மேடையில் பாடுகிற பாட்டுகளில் பாதிக்கு மேல் என் தோழி தான் பாடுவதற்கென்று எழுதியவை. அவளால் இப்போது பாட முடியாது. அதனால் நான் பாடுகிறேன்.

சின்ன வயதில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரே வயலின் வகுப்புக்குப் போனோம். அவள் சீக்கிரமே நின்றுவிட்டாள். நான் அரங்கேற்றம் வரைக்கும் போனேன். பிறகு பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சந்தித்தபோது அவளிடம் ஒரு பழைய கிற்றாரும் மூன்று கோர்டுகளும் ஏராளமான கோபமும் இருந்தன. கும்மி மெட்டை எடுத்து வேகமாக்கி, அதன்மேல் தொண்டை கிழியக் கத்துவாள். மட்டக்களப்புக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் அக்கோடியன், தம்பி ட்ரம்ஸ். அவர்களுடைய அப்பாவிடம் கேட்டுப் பழகிய கூத்துப் பாட்டுகள் சில எங்கள் மெட்டுகளுக்குள் புகுந்தன. நான் வயலினும் பின்பாட்டும். நாட்டார் பாட்டும் பங்க் ரொக்கும் சேர்ந்த இந்த வகைக்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் அம்மாக்கள் அதைச் 'சத்தம்' என்றார்கள்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் கார் விட இடம் கேட்டுப் பிள்ளையாரோடு சண்டை பிடிக்கும் பாட்டொன்று. ஒஷாவாவில் வேலை செய்த அவளுடைய அப்பா, மனைவியின் குரலைத் தொலைபேசியில் விட்டுவைத்த தகவல்களில் மட்டும் கேட்ட வருடங்களைப் பற்றி ஒன்று. எல்லாவற்றிலும் பெயர் பெற்றது பேஸ்மென்ட் பாட்டு. அவர்கள் குடும்பம் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டின் யன்னல் நிலத்தோடு ஒட்டியிருக்கும். வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஊரையே சப்பாத்துகளால் அடையாளம் கண்ட ஒரு சிறுமியின் பாட்டு அது. கடைசி வரியை அவள் பாடுவதில்லை, அலறுவாள்: 'முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு.'

எங்கள் ஒரேயொரு அல்பத்தில் எல்லாவற்றையும் அவள்தான் பாடினாள்.

அது வந்த அடுத்த குளிர்காலம் சின்னச் சின்ன மண்டபங்களில் வாசித்துக்கொண்டு மொன்றியல் வரை போனோம். அவள் குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. சனத்துக்கு அது பிடித்திருந்ததால் நாங்களும் பகிடியாக எடுத்துக்கொண்டோம். மொன்றியலில் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இண்டைக்கு ஏலாது போல கிடக்கடி."

நான் இஞ்சி போட்டுச் சுடுதண்ணி கொடுத்தேன். "இதை மட்டும் பாடி முடி. பிறகு ஆறுதலா ரெஸ்ட் எடுப்பம்" என்றேன்.

பாடினாள். நன்றாகவே பாடினாள்.

குரல்நாணில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். பயப்படவேண்டிய கட்டி இல்லை. ஆனால் காயம் ஆறியபோது குரல் மெலிந்து காற்றாகிவிட்டது. பக்கத்தில் இருந்தால் பேசுவது கேட்கும். பாட எடுத்தால் பாதியில் அறுந்துவிடும். ஒரே ஒரு கச்சேரியால் இப்படி ஆகாது, அது கனகாலமாக வளர்ந்தது என்று டொக்டர் சொன்னார். அதை அவரிடம் கேட்டது அவள் இல்லை, நான். விளங்காதவள் மாதிரி வேறு சொற்களில் இன்னொரு தடவையும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

இன்னுமொன்று இருக்கிறது. "நீதான் இனிப் பாடவேணும்" என்று அக்கோடியன்காரன் சொன்ன அந்தப் பின்னேரம், நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகைக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளியது. சந்தோஷம்தான். ஒரு கணம் இருந்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் வந்தது.

எங்களுக்குப் பேர் கிடைத்தது அதற்குப் பிறகுதான். பேஸ்மென்ட் பாட்டை யாரோ ஒரு வீடியோவுக்குப் பின்னால் போட, அது எங்கெங்கோ போனது. லண்டனிலும் சிட்னியிலும் தமிழ்ப் பிள்ளைகள் வயலினையும் ட்ரம்ஸையும் வைத்துக்கொண்டு கத்தத் தொடங்கினார்கள். எங்களை மாதிரி என்று சொன்னார்கள். அவள் றெக்கோர்டில் இருந்தாள். மேடையில் நான் இருந்தேன். அவள் எங்கள் சாமான்களை ஏற்றி இறக்கினாள், வான் ஓட்டினாள், ரீசேர்ட் விற்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நான் வீட்டிலையிருந்து சுவரைப் பாக்கவோ?" என்றாள்.

அவளை ஏற்றப் போகிற போதெல்லாம் ரூஜ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் அவளுடைய அம்மா ஒரு பெட்டி பொரித்த றோல்ஸோடு நிற்பார். ஒருநாள் என் கழுத்தைச் சுற்றியிருந்த ஸ்காஃபை இறுக்கிவிட்டு, "பிள்ளை, தொண்டையைக் கவனமாப் பார். குளிர் பிடிக்க விடாதை" என்றார். "ஓம் அன்ரி" என்றேன். அன்றைய றோல்ஸை ட்ரம்ஸ்காரனிடம் கொடுத்துவிட்டேன்.

அவளுக்காக நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கில், "இது என்ரை தோழி எழுதின பாட்டு, அவளாலை இப்ப பாடேலாது" என்று சொல்வேன். சனம் உருகிப்போய்க் கைதட்டும். ஒரு வருடம் பொறுத்திருந்து அவள் சொன்னாள்: "உதை இனிச் சொல்லாதை. எனக்கு மாலை போடுற மாதிரி இருக்கு. நான் இன்னும் சாகேல்லை."

சொல்வதை நிறுத்தினேன்.

போன கோடையில் ஸ்காபரோவில் ஒரு தெருவிழா. நல்ல வெயில், கொத்துரொட்டிச் சத்தத்துக்கு மேலால் நாங்கள் வாசித்தோம். முடிந்து கீழே இறங்கியபோது ஒரு பெண்பிள்ளை ஓடிவந்தாள். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அல்பத்தில உங்கட வொய்ஸைக் கேட்டுத்தான் நாங்க எங்கட மியூசிக் பாண்டையே ஸ்டார்ட் பண்ணினோம். அந்த லாஸ்ட் ஸ்க்ரீம்... லைக், அது என்னைக் காப்பாத்தினது."

பக்கத்து மேசையில் தோழி ரீசேர்ட் மடித்துக்கொண்டிருந்தாள். அது என் குரல் இல்லை, அதோ நிற்கிறாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் சொன்ன அந்த மாலை ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன்.

"தாங்க்ஸ்" என்றேன்.

தோழி தலை நிமிரவில்லை.

திரும்பி வரும்போது கிங்ஸ்டன் றோட்டில் வாகன நெரிசல். வானுக்குள் நாங்கள் இருவர் மட்டும். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் றேடியோவை நிற்பாட்டினாள். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும்.

"உன்னிலை எனக்குக் கோவம் இருக்கு. ஆனா நீ நினைக்கிற விஷயத்துக்கு இல்லை. நீ பாடுறாய் எண்டு இல்லை. பயந்து பயந்து பாடுறாய் எண்டுதான். அந்தக் கடைசி வரியை நீ ஒருநாளும் கத்தினதில்லை. ஏன்?"

"அது உன்ரையடி."

"என்ரை எண்டா ஒழுங்காப் பாடு. என்னைப் பாத்து உந்த முழி முழிக்கிறதை விட்டிட்டு ஒழுங்காப் பாடு. நீ குற்றவாளி மாதிரி நிக்கேக்கை நான் ஒவ்வொரு முறையும் உனக்கு ஆறுதல் சொல்லவேண்டிக் கிடக்கு. எனக்குக் களைக்குது."

மொன்றியலைப் பற்றிச் சொன்னேன். இஞ்சித் தண்ணியைப் பற்றி.

"தெரியும்" என்றாள். "நீ சொல்லாட்டியும் பாடியிருப்பன்." பிறகு, "இல்லாட்டிப் பாடாமலும் விட்டிருப்பன். ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட என்று எனக்குப் பட்டது. அவள் அதை மறைக்காததற்கு நன்றியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் புதிதாக எழுதினாள், என் குரலுக்கு. மேல் ஸ்தாயிக்குப் போனால் என் குரல் இரண்டாகப் பிளக்கும். நான் வெட்கப்பட்டு ஒளித்துவந்த அந்த இடத்தில்தான் பாட்டின் முக்கியமான சொல்லைக் கொண்டுபோய் வைத்தாள். பழைய பாட்டின் கடைசி வரியையும் இப்போது கத்துகிறேன். அவளைப்போல வரவில்லை. வேறு மாதிரி வருகிறது.

போன மாதம் புதுப் பாட்டை ஒலிப்பதிவு செய்தோம். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள். என் குரல் சரியான இடத்தில் பிளந்தது. நானே அதை உணர்ந்தேன். அவள் மைக் பட்டனை அழுத்தி, "இதுதான். இதை வைச்சுக்கொள்ளுவம்" என்றாள். பிறகு, பார்க்கிங் நேரம் முடியப்போகுது, காரை எடுத்து வேறிடத்தில விட்டிட்டு வாறன் என்று எழும்பிப் போனாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றாமல் நின்றேன். ஒரு காரை எடுக்கத் தேவையானதை விடக் கூடுதல் நேரம் எடுத்துத்தான் அவள் திரும்பி வந்தாள். காரை எடுக்கத்தான் போயிருப்பாள். நான் கேட்கவில்லை.