அப்ஸ்காண்டிங் என்றால் என்ன, மேடம்?

மேடம், நீங்கள் பொய் எழுதினீர்கள். தெரிந்தே எழுதினீர்கள்.

அன்று காலை நான் உங்கள் கேபினுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம், திருப்பத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நான் ஒரே பிள்ளை, போயாக வேண்டும் என்று சொன்னேன். நீங்கள்தான் எச்.ஆர். மேனேஜர். தலையைக்கூடத் தூக்காமல், "போயிட்டு வாங்கம்மா, மெயில் அப்புறம் போட்டுக்கலாம்" என்றீர்கள். நம் கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். போகும்போது வாயால் சொல்வோம். திரும்பி வந்து லீவு மெயில் போடுவோம்.

பதினோரு நாள் கழித்து வந்தேன். கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில், "நிம்ம ஹெசரு லிஸ்டல்லி இல்லம்மா" என்றார். பேர் லிஸ்டில் இல்லையாம். உள்ளே விடவில்லை. ஒரு வாரத்தில் அறைக்குக் கடிதம் வந்தது. அதில் என் பேருக்குக் கீழே அப்ஸ்காண்டிங் என்று இருந்தது. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து.

அந்த வார்த்தையைப் பார்த்து நான் பதறவில்லை. நான் டைம் ஆபீஸில் நான்கு வருஷம் இருந்தவள். யார் வந்தார், யார் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. மூன்று நாள் ஒருவர் வராவிட்டால் அவர் பேருக்கு எதிரே நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகள் வரிசையாக இறங்கும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அக்கா, "மூணு நாள் ஆள் வரலன்னா கடைசில இருக்கறத அமுக்கு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் இருந்தது இந்த வார்த்தைதான். நானும் அமுக்கினேன். ரொம்ப நாள் வராதவர் என்று அர்த்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். படித்தது தமிழ் மீடியம். யாரிடமாவது கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவளை எப்படி இங்கே உட்கார வைத்தார்கள் என்பார்கள். அதனால் கேட்கவில்லை.

பொம்மசந்திராவில் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்தது. திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். அதற்கு முன் பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள் இல்லையா, அப்படி விசாரிக்கிறவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். தமிழ்க்காரர்.

"பழைய கம்பெனில என்னம்மா பண்ணே?"

"டைம் ஆபீஸ் சார்."

"அது தெரியும். என்ன பண்ணிட்டுப் போனே?"

"ஒண்ணும் பண்ணல சார். அப்பாவுக்கு முடியலன்னு லீவுல போனேன்."

"அவங்க அப்ஸ்காண்டிங்னு குடுத்திருக்காங்களே."

"ஆமா சார்."

"தெரிஞ்சுதான் ஆமாங்கிறியாம்மா?" என்றார்.

"ஆமா சார். மூணு நாளைக்கு மேல வரலன்னா நாங்க அப்படித்தான் போடுவோம்."

"நல்லது" என்று வைத்துவிட்டார். மறுநாள் அந்த வேலை இல்லை என்று மெயில் வந்தது. என் வாயாலேயே ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைப் போனில் போட்டு அர்த்தம் பார்த்தேன். பிடிபட்டுவிடுவோம் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் ஓடி ஒளிவது. கீழே எப்படிப் பயன்படுத்துவது என்று உதாரணங்கள். கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். ஜாமீனில் வந்து தலைமறைவானவன். வாக்கியத்துக்கு வாக்கியம் திருடன். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கால் கழுவிவிட்ட மகள் எந்த வாக்கியத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் வேலை கேட்டேன். இப்போது அர்த்தம் தெரியும் என்பதால் அவர்கள் கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறேன். விளக்கம் சொன்னாலே ஃபைலை மூடிவிடுகிறார்கள். அப்பாவை ஹெப்பகோடியில் என் ஒற்றை அறைக்கே கூட்டி வந்துவிட்டேன். வலது கை தூக்க வரவில்லை. சோறு நான்தான் ஊட்ட வேண்டும். அந்தச் சோற்றுக்கு எனக்கு ஒரு வேலை வேண்டும். அந்த வார்த்தை இருக்கும்வரை இந்த ஊரில் எவரும் தர மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பேக்கிங்கில் ஒருவர் இருந்தார். மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது டாக்டர் சீட்டை என் மேசையில் வைத்தார். "எச்.ஆர்.ல கேளுங்கண்ணா" என்று தள்ளிவிட்டேன். சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போன வாரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அண்ணா, உங்களுக்கு அந்த வார்த்தையப் போட்டது நான்தான். அர்த்தம் தெரியாமப் போட்டுட்டேன்."

மூட்டையை இறக்கி வைத்தார். "அர்த்தம் தெரியாதா? நாலு வருஷம் ஃபேனுக்குக் கீழ உக்காந்து என்னத்தப் பண்ணே?"

அவர் அடுத்த மூட்டையின் பக்கம் திரும்பினார்.

"நீ தெரிஞ்சே போட்டேன்னு நினைச்சிருந்தேன். திட்டறதுக்காவது ஒரு ஆள் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லன்னு சொல்ல வந்தியா? போம்மா."

இருக்கிறது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறது. என் தப்பை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அது போதாது என்றும் தெரியும். ஆனால் நான் தெரியாமல் அமுக்கியவள். நீங்கள் இங்கிலீஷில் படித்தவர். அர்த்தம் தெரிந்து கையெழுத்துப் போட்டவர்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லோரையும் கேன்டீனில் நிற்க வைத்து மைக்கில் பேசுவீர்களே, அங்கே சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள். அதற்குப் பிறகு, அன்று காலை நான் உங்கள் கேபினுக்கு வந்தேனா இல்லையா என்று சொல்லுங்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். மைக் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும்.